குடலுக்குள் வளைந்து சென்ற ஒளி

ஒளி நேர்க்கோட்டில் செல்லும் என்று பள்ளியில் படிக்கிறோம். நமது பெருங்குடலோ ஏறத்தாழ 1.5 மீட்டர் நீளமுள்ள, வளைவுகள் நிறைந்த குழாய். அதனுள் தோன்றும் கட்டியை எவ்வாறு காண்பது?

1895இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். ஆனால், குடலை அக்கதிர்கள் எளிதில் ஊடுருவிவிடுவதால் அது படத்தில் தெளிவாக விழாது. ஆகவே, எக்ஸ் கதிர்களைத் தடுக்கும் பேரியம் சல்பேட்டை நீரில் கலந்து, ஆசனவாய் வழியே செலுத்திப் படமெடுத்தனர். 1923இல் ஜெர்மானிய மருத்துவர் ஃபிஷர் பேரியத்துடன் காற்றையும் செலுத்தினார். குடற்சுவரில் படிந்த மெல்லிய பேரியப் பூச்சு, சிறு கட்டிகளையும் காட்டிக் கொடுத்தது.

எனினும், படம் என்பது நிழலே. கட்டி இருக்குமிடத்தை அது சொல்லும். புற்றுநோய்தானா என்பதை உறுதியாகச் சொல்வது திசுச் சோதனை. கட்டியிலிருந்து எடுத்த துணுக்கை மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் சுமார் 200இல் ஒரு பங்கு தடிப்பில் சீவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். செல்கள் ஒழுங்கு குலைந்து, குடற்சுவரின் ஆழ்ந்த அடுக்குகளில் ஊடுருவியிருந்தால் அது புற்றுநோய். ஆனால், துணுக்கை எடுப்பது எப்படி? வளையாத உலோகக் குழாய் சுமார் 25 செ.மீ. வரைதான் எட்டியது. அதற்கப்பால், பெரும்பாலும் வயிற்றைத் திறக்கவேண்டியிருந்தது.

இத்தடையை நீக்கியது இயற்பியல். பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானியும், லண்டனில் அவருடைய ஆசிரியரான ஹாப்கின்ஸும், கண்ணாடி இழைக் கற்றை வழியே உருவத்தை வளைத்துச் செலுத்தலாம் என்பதை 1954இல் வெளியிட்டனர். இழைக்குள் நுழைந்த ஒளி, முழு அக எதிரொளிப்பால் மீண்டும் மீண்டும் திருப்பப்பட்டு மறுமுனையை அடைகிறது. ஆனால், இழைகள் ஒன்றையொன்று தொடுமிடத்தில் ஒளி கசிந்தது. 1956இல் அமெரிக்க மாணவர் கர்ட்டிஸ், ஒளிவிலகல் எண் குறைந்த கண்ணாடியால் ஒவ்வோர் இழைக்கும் உறையிட்டார், கசிவு நின்றது. 1957இல் ஹிர்ஷோவிட்ஸ் இத்தகைய கருவியால் இரைப்பையைப் பார்த்தார்.

1969இல் நியூயார்க்கில் உல்ஃப், ஷின்யா ஆகிய மருத்துவர்கள், பெருங்குடல் அகநோக்கி வழியே கம்பிச் சுருக்கை நுழைத்து, மின்னோட்டத்தின் வெப்பத்தால் குடல் முளைகளை அறுத்தெடுத்தனர். காண்பதும் திசு எடுப்பதும் ஒரே கருவிக்குள் அடங்கின. சில முளைகளே பல ஆண்டுகளில் புற்றாக மாறுகின்றன; அவற்றை முன்னரே நீக்கினால் நோயையே தடுக்கலாம். இன்று கருவியின் நுனியிலேயே சிறு காமிரா இருக்கிறது. தீர்ப்புச் சொல்வது மட்டும் இன்றும் நுண்ணோக்கிதான்.

உத்திரமேரூர் வட்டாரச் சிற்றூர்களில் மலத்தில் இரத்தம் கண்டால், மூலம் என்று சொல்லி நாட்டு மருந்தோடு விட்டுவிடுவோர் உண்டு. மூலமாகவும் இருக்கலாம், ஆனால் அதைச் சோதனைதான் முடிவு செய்யவேண்டும். காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையிலேயே அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. ஒளியே வளைந்து சென்று பார்க்கும் காலத்தில், நாம் கூச்சத்தால் நோயை மறைக்கலாமா?