ஒன்பது ஊசிப் போர்ட்

போர்ட் என்றால் நம் பக்கத்து ஆட்களுக்குத் துறைமுகம்தான். நான் சொல்ல வந்தது கம்ப்யூட்டரின் முதுகில் இருந்த போர்ட். சீரியல் போர்ட் என்பார்கள். ஆங்கில 'டி' எழுத்துப் போல் தகர விளிம்பு, உள்ளே ஐந்தும் நான்குமாக ஒன்பது ஊசி, இரண்டு பக்கமும் திருகாணி. அது செத்துப் பல வருடம் ஆயிற்று என்று நினைப்பவர்கள் மணலிப் பக்கம் ஏதாவது ஓர் எடை மேடைக்குப் போய்ப் பார்க்கலாம்.

1960-இல் அமெரிக்காவின் மின்னணுத் தொழில் சங்கம் ஆர்.எஸ்.232 என்று இதற்கு விதி வகுத்தது. மேசைக் கம்ப்யூட்டரே இல்லாத காலம். தந்தி ஆபீசில் கடகடவென்று அடிக்குமே டெலிபிரிண்டர், அந்த மாதிரிக் கருவியை மோடத்தோடு சேர்க்க வந்த விதி. முதலில் 25 ஊசி. 1984-இல் ஐ.பி.எம். தன் ஏ.டி. மாடலில் ஒன்பதாக்கியது. உண்மையில் மூன்று கம்பி போதும்: அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக எர்த் ஒன்று. எங்கள் ஆபீசில் ஊசி வளைந்தால் மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்ப மாட்டோம். முனை கழற்றிய காலி ரீஃபிலை அதன்மேல் செருகி நிமிர்த்திவிடுவோம்.

மோடத்தின் மேல் 'வி.32 பிஸ்' என்று போட்டிருக்கும். அது ஏதோ கம்பெனிப் பெயர் என்று சக குமாஸ்தாக்கள் நினைத்தார்கள். பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்குச் சிரிப்பு வரும். பிரெஞ்சுக்காரர்கள் ஊரில் 12-ஆம் நம்பர் வீட்டை ஒட்டி இன்னொரு வீடு வந்தால் அது '12 பிஸ்'. நாம் 12ஏ என்கிறோமே, அதுதான். ஜெனீவாவில் இருந்த சர்வதேசத் தந்தி, தொலைபேசிக் குழு வைத்த பெயர் அது. வி.32-ஐ ஒட்டிக் கட்டிய அடுத்த வீடு.

1996-இல் யு.எஸ்.பி. வந்தது. அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் இன்டெல்லில் இருந்த நம் நாட்டுக்காரர் அஜய் பட். அதன் பிறகு வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பழைய போர்ட்டுகள் ஒவ்வொன்றாய்க் காணாமல் போயின.

எடை மேடையில் மட்டும் போகவில்லை. கண்டெய்னர் லாரி ஏறி நின்றதும் மேடைக்கு அடியில் உள்ள லோடு செல் பாரத்தை உணர்கிறது. அறையில் இருக்கும் இண்டிகேட்டர் அதைக் கிலோவாகக் காட்டுகிறது. அந்த எண்ணை அது சீரியல் கம்பி வழியே கம்ப்யூட்டருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். டிரைவர் சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். லாரி ஏறி இறங்கும் அதிர்ச்சியில் யு.எஸ்.பி. கழன்றாலும் கழலும், திருகாணி போட்டது அசையாது.

அந்தக் கம்பியை நான் மதிப்பதற்குக் காரணம் வேறு. அது இருக்கும்வரை எடைக்கும் சீட்டுக்கும் நடுவில் மனிதக் கை கிடையாது. ஆயுள் முழுக்க ரிஜிஸ்டரில் கையால் எண் எழுதியவனுக்கு அதன் அருமை தெரியும். 2007-இல் இங்கிலாந்துக் கரையோரம் சேதமான எம்.எஸ்.சி. நப்போலி கப்பலில், மேல்தளத்தில் நனையாமல் இருந்த சுமார் 660 கண்டெய்னர்களை எடை போட்டார்கள். அதில் 137-இல் சொன்ன எடைக்கும் இருந்த எடைக்கும் 3 டன்னுக்கு மேல் வித்தியாசம். சரிபார்த்த எடை இல்லாமல் கண்டெய்னரைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்ற உலக விதி 1 ஜூலை 2016-இல் அமலுக்கு வந்தது.

தகராறு எங்கே என்றால், இண்டிகேட்டர் முத்திரை போட்ட பெட்டி, வருடக்கணக்கில் உழைக்கும். கம்ப்யூட்டர் சீக்கிரம் மாறிவிடும். புதியதில் ஒன்பது ஊசி இல்லை. ரிச்சி தெருவில் மாற்றுக் கேபிள் வாங்கி மாட்டுகிறார்கள். அதைப் பெருக்கித் துடைக்கும்போது கழற்றி வேறு துளையில் செருகிவிட்டால் காம் 3 என்பது காம் 5 ஆகிவிடலாம். திரையில் எடை வராது. வெளியே லாரி வரிசை நீளும், ஹாரன் அடிப்பார்கள். அவசரத்துக்கு எடையைக் கையால் டைப் அடிக்கச் சில சாஃப்ட்வேரில் வழி உண்டு. விவரம் தெரிந்த ஆபரேட்டர் அந்தப் பக்கமே போகமாட்டார். 'கழற்றாதே' என்று எழுதிக் கேபிளோடு சேர்த்து டேப் சுற்றி வைத்துவிடுவார்.