ரிமூவ், பர்ஜ், பாஞ்சாலங்குறிச்சி

உபுண்டு லேப்டாப்பில் அவசரத்துல ஒரு சர்வரை இன்ஸ்டால் பண்றீங்க. அப்பாச்சின்னு வெச்சுக்குவோம். கான்ஃபிக் ஃபைலில் கை வைக்கிறீங்க, சொதப்புது. ‘ஆப்ட் ரிமூவ்’ கொடுத்துட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணா, அதே எரர்! ஏன்னா ரிமூவ் புரோகிராமை மட்டும்தான் எடுக்கும். நீங்க மாற்றி எழுதின கான்ஃபிக் ‘இடிசி’ ஃபோல்டரில் அப்படியே உட்கார்ந்திருக்கும். டிபிகேஜி பட்டியலில் அந்தப் பெயருக்கு முன்னாடி ‘ஆர்சி’ன்னு ரெண்டு எழுத்து இருக்கும். ஆள் போயாச்சு, கான்ஃபிக் மிச்சம்னு அர்த்தம். அதையும் துடைக்கணும்னா ‘பர்ஜ்’.

இந்த வித்தியாசத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வர்றது ஒட்டப்பிடாரம் பக்கத்துல இருக்கிற பாஞ்சாலங்குறிச்சி. ஏன்னா கிழக்கிந்தியக் கம்பெனி அந்தக் கோட்டையை ரெண்டு தடவை அழிச்சது.

முதல் தடவை 1799. மேஜர் பானர்மேன் படையோட வந்தார். அக்டோபர் 16 அன்று கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டாங்க, கோட்டையை இடிச்சாங்க. தம்பி ஊமைத்துரையையும் உறவினர்களையும் பாளையங்கோட்டைச் சிறையில் வெச்சாங்க. வேலை முடிஞ்சதுன்னு நினைச்சாங்க.

1801 பிப்ரவரி 2. ஊமைத்துரையும் கூட இருந்தவங்களும் சிறையிலிருந்து தப்பினாங்க. மேஜர் மெக்காலே படையைக் கூட்டிக்கிட்டு பாஞ்சாலங்குறிச்சிக்குப் போய்ப் பார்த்தா, தரைமட்டமாக்கின இடத்தில் கோட்டை நிற்குது! ஆறே நாளில் எழுப்பினதா கால்டுவெல் எழுதுறார். அவசரத்துல எழுப்பின மண் கோட்டைதான், ஆனா லேசுப்பட்டது இல்லை. மார்ச் 31 அன்று கம்பெனி நடத்தின தாக்குதல் படுதோல்வி. கர்னல் அக்னியூ பெரிய படையோட வந்து அதைப் பிடிக்க மே 24 ஆயிடுச்சு.

இந்தத் தடவை ரிமூவ் இல்லை, பர்ஜ். கோட்டை இருந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைச்சாங்க. ஊர்ப் பெயரையே பதிவேடுகளிலிருந்து நீக்கச் சொன்னாங்க. நவம்பரில் ஊமைத்துரையையும் அங்கேயே தூக்கிலிட்டாங்க. (சிறையில் இருந்தவங்களைக் கான்ஃபிக் ஃபைலோட ஒப்பிடுறது எனக்கே உறுத்துது. ஃபைலுக்கு வலிக்காது. அதனால ஒப்பீட்டை இதோட விட்டுடலாம்னுதான் நினைச்சேன், ஆனா இன்னும் ரெண்டு விஷயம் இருக்கு.)

பர்ஜ் உங்க ஹோம் ஃபோல்டரைத் தொடாது. நீங்க சேமிச்சு வெச்சதெல்லாம் அங்கேயே இருக்கும். பாஞ்சாலங்குறிச்சியின் ஹோம் ஃபோல்டர் சனங்களோட வாய். கட்டபொம்மன் கதையைப் பாட்டா பாடிக்கிட்டே இருந்தாங்க. நா. வானமாமலை அந்தக் கதைப்பாடலைப் பதிப்பிச்சார். இதை எந்தக் கலெக்டர் உத்தரவும் நீக்க முடியலை.

ரெண்டாவது, லாக். ஒரு பேக்கேஜைப் பர்ஜ் பண்ணதும், பண்ணின நேரத்தோட டிபிகேஜி லாக்கில் பதிவாகும். கம்பெனி ஆட்களும் அப்படித்தான், எதைச் செஞ்சாலும் எழுதி வெச்சாங்க. அந்தப் போரில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் நினைவுக் குறிப்பே எழுதினார். பெயரை நீக்கினாங்கன்னு நமக்குத் தெரியறதே 1881-ல் கால்டுவெல் எழுதின திருநெல்வேலி சரித்திரம் மாதிரியான புத்தகங்களால்தான். 1974-ல் தமிழக அரசு அங்கே நினைவுக் கோட்டை கட்டினப்போ, ஊர்ப் பெயரைத் தேடி அலைய வேண்டியிருக்கலை.

சரி, உங்க லேப்டாப்புக்கு வருவோம். பர்ஜ் அடிக்கிறதுக்கு முன்னாடி ஆப்ட்டோட ஹிஸ்டரி லாக்கைத் திறங்க. அன்னைக்கு எந்த நேரத்தில் எந்தெந்த பேக்கேஜ் உள்ளே வந்ததுன்னு வரிசையா இருக்கும். அதைப் பார்த்துட்டு எடுங்க. துணைக்கு வந்த பேக்கேஜ்களை ‘ஆட்டோரிமூவ்’ பார்த்துக்கும். ஆனா அது காட்டுற பட்டியலைப் படிக்காம ‘ஒய்’ அழுத்தாதீங்க.