உலாவிகளில் உருள்பட்டை: தோற்றமும் மறைவும்

ஸ்க்ரோல் பார் என்று பரவலாக அழைக்கப்படும் உருள்பட்டை, திரையில் அடங்காத பக்கத்தை மேலும் கீழும் நகர்த்த உதவுகிறது. பக்கம் எவ்வளவு நீளம், படிப்பவர் எந்த இடத்தில் இருக்கிறார், கீழே இன்னும் ஏதேனும் உண்டா என்பவற்றையும் அதுவே காட்டுகிறது. நகர்த்தும் வேலைக்குச் சுட்டியின் சக்கரமும் விரலும் வந்துவிட்டன. காட்டும் வேலைக்கு மாற்று எளிதில் கிடைக்கவில்லை.

மறைந்து தோன்றும் பட்டை புதியதன்று. 1970களில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் உருவான ஸ்மால்டாக் சூழலில், சுட்டிக்குறி சாளரத்துக்குள் வந்தால்தான் பட்டை வெளிப்படும். 1984இல் வந்த மெக்கின்டாஷ் அதை வலப்பக்க ஓரத்தில் நிலையாக நிறுத்தியது. ஆனால் அதன் நகர்பெட்டி எந்த ஆவணத்துக்கும் ஒரே அளவுதான். இரண்டு பக்கமா இருநூறு பக்கமா என்று அதைப் பார்த்துச் சொல்ல இயலாது. விண்டோஸ் 95 பெட்டியின் நீளத்தை ஆவணத்துக்கேற்ப மாற்றியது.

2000இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5.5, பட்டைக்கு வண்ணம் பூசும் வசதியை இணையதளங்களுக்குத் தந்தது. படிக்க முடியாத நிறங்களில் பல தளங்கள் அதைப் பூசிக்கொண்டன.

திருப்பம் தொடுதிரையால் வந்தது. 2007இல் ஐபோன், உருட்டும்போது மட்டும் தெரியும் மெல்லிய கோட்டைக் கொண்டுவந்தது. 2011 ஜூலையில் மேக் ஓஎஸ் எக்ஸ் லயன் அதையே மேசைக்கணினிக்கும் மடிக்கணினிக்கும் கொண்டுசென்றது. டிராக்பேட் மட்டும் இருந்தால் பட்டை மறையும். சாதாரணச் சுட்டியை இணைத்தால் தோன்றும். எனவே ஒரே பக்கம் இரு கணினிகளில் இருவிதமாகத் தெரிந்தது. ஒரு பட்டியல் சரியாக ஒரு வரியின் முடிவில் வெட்டுப்பட்டிருந்தால், அவ்வளவுதான் என்று பயனர் நினைத்துவிடுவார். கீழே உள்ள தெரிவுகள் அவர் கண்ணில் படுவதே இல்லை. விரலால் உருட்டச் சிரமப்படுவோருக்குப் பிடித்திழுக்கவும் எதுவும் இல்லாமல் போனது.

லயனிலேயே பட்டையை எப்போதும் காட்டும் தெரிவு இருந்தது. 2022 மே மாதம் வெளிவந்த ஃபயர்பாக்ஸ் 100, விண்டோஸ் 11இலும் லினக்ஸிலும் மறையும் பட்டைக்கு மாறியது. விண்டோஸ் 11இல் அதை நிலையாக வைக்கும் பொத்தான், இயங்குதள அமைப்புகளில் அணுகல்தன்மைப் பிரிவின் காட்சி விளைவுகளுக்குள் இருக்கிறது. உலாவிக்குள் தேடுவோருக்கு அது எளிதில் அகப்படாது.

ஆயினும் பயனரின் தெரிவே இறுதியானதன்று. பட்டையின் அகலத்தைக் குறிக்கும் சிஎஸ்எஸ் பண்பை 2018 டிசம்பரில் ஃபயர்பாக்ஸ் 64உம் 2024 ஜனவரியில் குரோம் 121உம் ஏற்றன. அப்பண்பைக் கொண்டு ஒரு தளம் பட்டையை முழுவதும் நீக்கினால், எப்போதும் காட்டு என்று பயனர் அமைத்திருந்தாலும் அங்கே அது தெரியாது.