நுரையீரல் புள்ளியும் ரோபோ பரிசோதனையும்

சிடி ஸ்கேனில் நுரையீரலில் சிறு புள்ளி தெரிந்ததுமே புற்றுநோய் என்று கலங்க வேண்டாம். ஆறிய காசநோய்த் தழும்பும் அப்படித் தெரியலாம். சந்தேகம் வலுத்தால், சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பதே வழி.

வழக்கமான பிராங்கோஸ்கோபி கருவி நுரையீரலின் ஓரத்திலுள்ள நுண்கிளைகளுக்குள் நுழையாது. மார்பின் வழியே ஊசி செலுத்தினால் நுரையீரலிலிருந்து காற்று கசியும் அபாயம் உண்டு. இந்த இடைவெளியை நிரப்பவே ரோபோ பிராங்கோஸ்கோபி வந்தது. அமெரிக்காவில் 2018இல் 'மோனார்க்', 2019இல் 'அயான்' கருவிகள் அனுமதி பெற்றன. அயானின் குழாய் 3.5 மி.மீ. தடிமனே. ஸ்கேன் படத்தை வழிகாட்டியாகக் கொண்டு மருத்துவரே அதைச் செலுத்துகிறார். ரோபோ தானாக இயங்குவதில்லை.

எல்லோருக்கும் இது தேவைப்படாது. கடலூர், சிதம்பரம் வட்டாரத்தினர் முதலில் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம். பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் இருந்தால் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். புள்ளி வளர்ந்திருக்கிறதா என்பதை அவையே சொல்லும்.