வீட்டு வன்முறையும் பாதுகாப்புக் கட்டளையும்: ஒரு சட்ட வரலாற்று நோக்கு

1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, பிறர்க்குக் காயம் விளைவித்தலைக் குற்றமெனக் கொண்டது. அடிபட்டவள் மனைவி என்பதனால் அது குற்றமல்லாது போய்விடவில்லை. ஆயினும், தண்டனை என்பது நடந்து முடிந்த செயலுக்கு உரியது. அன்றிரவே அவ்வீட்டிற்குத் திரும்ப வேண்டியிருந்த பெண்ணுக்கு அஃது அரணாகவில்லை. 1889 ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டம் சோற்றுக்கு வழி செய்தது, அடியைத் தடுக்கவில்லை. மணநீக்கம் கோரலாமெனின், 1907 ஆம் ஆண்டின் விவாகச் சட்டம் ஏற்ற காரணங்களுட் கொடுமை தனித்து இடம்பெறவில்லை. கொடுமை தாளாது வெளியேறியவள், தன்னை வெளியேறச் செய்தமையே கணவன் தன்னைக் கைவிட்டமையாகும் என வாதிட வேண்டியவளானாள். அடிபட்டவளே காரணங் கூற வேண்டிய இந்நிலை விசித்திரமானதே.

குற்றவியலுக்கும் மணநீக்கத்திற்கும் இடைப்பட்ட ஒரு வழியை இங்கிலாந்து 1976 இல் சட்டமாக்கியது. இலங்கையில் அத்தகைய வழி, 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்துடனேயே தோன்றியது. பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் சமவாயத்தை நாடு ஏற்று அப்போது 24 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இச்சட்டத்தின்படி பாதிக்கப்பட்டவர் தாமாகவோ, அவர் சார்பிற் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரோ நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். அவசரத்தைக் கருதி நீதவான் இடைக்காலக் கட்டளை வழங்கலாம். விசாரணைத் திகதி 14 நாட்களைக் கடத்தலாகாது. பின்னர் வழங்கப்படும் பாதுகாப்புக் கட்டளை 12 மாதங்கள் வரை செல்லுபடியாகும். உடற்றுன்பம் மட்டுமன்றி, பாரதூரமான உளத்துன்பமும் இதனுள் அடங்கும்.

வீடு பற்றிய ஏற்பாடு, யாழ்ப்பாணத்தவர் ஆழ்ந்து நோக்கற்பாலது. தேசவழமையின்படி சீதனம் மனைவியின் தனிச்சொத்து. பல குடும்பங்களில் வசிக்கும் வீடே அவளது சீதனம். எனினும் 1911 ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம், கணவனின் எழுத்து மூலச் சம்மதமின்றி அவள் தன் அசையாச் சொத்தைப் பராதீனஞ் செய்தலாகாது என்றது. அவன் மறுப்பின் மாவட்ட நீதிமன்றத்தை நாட வேண்டும். உறுதி அவள் பெயரில் இருந்தும், இரவிற் பிள்ளைகளுடன் தாய் வீட்டிற்கு நடப்பவள் அவளே! பாதுகாப்புக் கட்டளையோ, கணவன் அவ்வீட்டினுள் நுழைவதையே தடுக்கவல்லது. அவளை நிர்க்கதியாக்கும் வண்ணம் குடும்ப வீட்டை அவன் விற்பதையும் ஈடு வைப்பதையும் தடுக்கவல்லது. உறுதியால் இயலாததைக் கட்டளை செய்கிறது.

ஆனால் கட்டளையைக் கேட்டுப் பெறுவதற்கு ஒருவர் துணை வேண்டும். சத்தியக்கடதாசியில் எந்நாள், எவ்விடம், எவ்வகைத் துன்பம் என்பன தெளிவுற வேண்டும். நெடுங்காலம் மறைத்து வாழ்ந்தவளுக்கு இவ்வரிசைப்படுத்தலே பெருஞ்சுமை. 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு, வசதியற்றோர்க்குச் சட்டத்தரணியை வழங்குகிறது. 1987 இல் தோன்றிய ‘விமன் இன் நீட்’ போன்ற அமைப்புகளும் இப்பணியில் ஈடுபட்டன. வடக்குக் கிழக்கிற்கு வெளியே நீதிமன்றப் பதிவுமொழி சிங்களமாயினும், தமிழில் விண்ணப்பிக்கவும் மொழிபெயர்ப்புப் பெறவும் அரசியலமைப்பு உரிமையளிக்கின்றது. இதனை அறிந்து கேட்பவர் எத்தனை பேர்?

இந்தியா அதே 2005 இல் இயற்றிய சட்டம், பாதுகாப்பு அலுவலர் எனும் தனிப்பதவியை உருவாக்கி, விண்ணப்பத்திற்கு உதவுவதை அவர் கடமையாக்கியது. இலங்கைச் சட்டத்தில் அத்தகைய பதவி இல்லை. இங்கு பெண் முதலில் நாடுவது பெரும்பாலும் பொலிஸ் நிலையத்தையே. அங்கோ, “சமாதானமாகப் போங்கள், பிள்ளைகளைப் பாருங்கள்” என்று இருவரையும் ஒன்றாக அனுப்பும் வழக்கம், சட்டம் வந்த பின்னரும் மறைந்துவிடவில்லை.