காவேரிக் கரையில் ஆங்கிலம்

1857-ஆம் ஆண்டில் சென்னைச் சர்வகலாசாலை ஸ்தாபிக்கப்பட்ட பின்னர், வேறெந்தச் சாஸ்திரத்தில் நிபுணனாயினும் ஆங்கிலத்தில் தேறாதவன் பட்டதாரியாக இயலாது என்ற நியதி இந்நாட்டில் வேரூன்றியது. அந்நியதியின் இரு முகங்களையும் ஒருங்கே காண விரும்புவோர், தென்னாட்டின் கேம்பிரிட்ஜ் என்று ஊரார் பெருமையோடு வழங்கிய கும்பகோணம் அரசினர் கல்லூரியின் சரித்திரத்தைப் புரட்டினால் போதும்.

1869-இல் வலங்கைமானில் ஓர் ஏழைப் புரோகிதரின் புதல்வராய்ப் பிறந்து, அக்கல்லூரியில் பயின்று, பின்னர் திருவல்லிக்கேணி ஹிந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராய் விளங்கிய வி. எஸ். ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார், உச்சரிப்பிலும் சொற்றேர்விலும் அணுவளவு பிழையும் பொறாதவர். ஆங்கிலேயரே வியந்து அவரை வெள்ளி நாவினர் என்றனர். 1935-இல் அவர் அண்ணாமலைச் சர்வகலாசாலையின் துணைவேந்தரானார். மொழிப் பயிற்சிக்கு இதனினும் சிறந்த விளைவு வேண்டுவதில்லை.

மற்றொரு முகமோ மனத்தை வருத்துவது. 1904-இல் உபகாரச் சம்பளத்துடன் அங்கே சேர்ந்த ஸ்ரீநிவாஸ ராமாநுஜன், கணிதமொன்றிலேயே சித்தத்தைச் செலுத்தி, ஆங்கிலக் கட்டுரையில் தவறி, அச்சம்பளத்தை இழந்தார். அவமானம் தாளாமல் 1905-இல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். கல்லூரி விதியில் பிழையில்லை என்பார் உளர். விதிக்குக் கண்ணில்லை என்பதே என் அபிப்பிராயம். பட்டமின்றியே 1914-இல் அவர் மெய்யான கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார்.