கஞ்சாவும் அமெரிக்காவின் இரகசியக் கோப்புகளும்

அமெரிக்க மத்திய அரசின் இரகசியக் கோப்புகளைக் கையாளும் வேலைக்குப் பாதுகாப்பு அனுமதி வேணும். அதற்கு எஸ்.எப்.-86 எண்டு நூறு பக்கத்துக்கும் மேற்பட்ட ஒரு படிவம் இருக்கு. அதில் வரும் கேள்விகளில் ஒன்று: கடந்த 7 வருடங்களில் சட்டவிரோதமாகப் போதைப்பொருள் பாவித்திருக்கிறீர்களா?

இந்தக் கேள்வியின் வேர் பனிப்போர் காலத்தில் இருக்கு. 1953இல் ஜனாதிபதி ஐசனோவர் 10450ஆம் இலக்க நிறைவேற்று ஆணையைப் பிறப்பித்தார். அரச வேலைக்கு ஆபத்தானவர்களின் பட்டியலில் போதைக்கு அடிமையானவர்கள் இருந்தார்கள். 'பாலியல் பிறழ்வு' என்ற சொல்லும் இருந்தது. அந்தச் சொல்லை வைத்து ஆயிரக்கணக்கான தற்பாலீர்ப்பாளர்களின் வேலையைப் பறித்தார்கள். எதிரி நாட்டு உளவாளிகள் இவர்களை மிரட்டிப் பணியவைக்கலாம் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். ஆனா வெளியில தெரிஞ்சா வேலை போகும் என்ற பயத்தை உண்டாக்கினதே அரசுதானே?

பாலியல் நாட்டத்தை மட்டும் வைத்து அனுமதியை மறுக்கக்கூடாது என்று 1995இல் கிளின்டனின் ஆணை சொன்னது. கஞ்சா விசயத்தில் கதை வேற. 1970ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஹெரோயினோடு சேர்த்து முதலாம் அட்டவணையில் போட்டது. 1986இல் ரேகனின் ஆணை, வேலை நேரத்துக்கு வெளியிலும் அரச ஊழியர்கள் போதைப்பொருள் பாவிக்கக்கூடாது என்றது.

அதே காலத்தில் மாநிலங்கள் வேறு பக்கம் நடந்தன. 1996இல் கலிபோர்னியா மருத்துவத் தேவைக்கு அனுமதித்தது. 2012இல் கொலராடோவும் வொஷிங்டன் மாநிலமும் வயதுவந்தோர் பொழுதுபோக்குக்குப் பாவிக்கவும் வழிவிட்டன. கடையில வாங்கலாம், மாநில அரசு வரியும் எடுக்கும். ஆனால் பாதுகாப்பு அனுமதி உள்ள ஒருவர் அதை வாங்கினால், மத்திய சட்டத்தின் கண்ணில் அவர் குற்றவாளி.

2014இல் எப்.பி.ஐ. பணிப்பாளர் ஜேம்ஸ் கோமி ஒரு சிக்கலை வெளிப்படையாகச் சொன்னார். இணையக் குற்றங்களைப் பிடிக்கக் கெட்டிக்காரப் பிள்ளைகள் வேணும், அதில் சிலர் நேர்முகத் தேர்வுக்கு வரும் வழியிலேயே கஞ்சா புகைக்கப் பார்க்கினம் என்று. செனட்டில் கேள்வி எழுந்ததும், விதியை மாற்றப் போவதில்லை என்றார். 2021இல்தான் மூன்று வருடத் தடையை எப்.பி.ஐ. ஒரு வருடமாகக் குறைத்தது. அதே ஆண்டு டிசம்பரில், முன்னைய பாவனை மட்டுமே முடிவைத் தீர்மானிக்காது என்று தேசிய உளவுத்துறைப் பணிப்பாளர் தெளிவுபடுத்தினார். எத்தனை தரம், எப்போ, இனியும் பாவிப்பாரா என்பதெல்லாம் பார்க்கப்படும்.

இளமையில் கஞ்சா புகைத்ததை ஒபாமா தன் புத்தகத்திலேயே எழுதினார். தெரிவான ஜனாதிபதிக்கு இந்தப் படிவமே இல்லை. மற்றவர்கள் உண்மையைச் சொன்னால் வேலை கிடைக்காமல் போகலாம். பொய் சொல்லிப் பிடிபட்டால் ஐந்து வருடம் வரை சிறை. நம்பக்கூடிய ஆளைத் தேடுற ஒரு படிவம், உண்மையைச் சொல்லவே பயப்பட வைத்தால் அதால யாருக்குப் பாதுகாப்பு?